அமெரிக்கப் படைவீரரும் அரசுக் கடனும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

அமெரிக்கத் தரைப்படையில் பணிபுரியும் ஒருவர் அரசுக்குக் கடன்பட்டவராக ஆவது பெரும்பாலும் அவர் கேட்டு வாங்கிய கடனால் அன்று. சம்பளப் பிரிவு தவறுதலாகக் கூட்டி வழங்கிய படி, ஒப்பந்தக் காலம் முடியும் முன் பணி முறிந்ததால் திருப்பித் தர வேண்டியதாகிவிட்ட ஊக்கத்தொகை, பொறுப்பில் இருந்தபோது காணாமற்போன தளவாடம் ஆகியவையே அக்கடனின் வழக்கமான தோற்றுவாய்கள். இக்கடன்களை நீக்கக் கோரும் உரிமையைச் சட்டம் படைவீரருக்குத் தந்திருக்கிறது. ஆயினும், அதிகாரி நிலைக்குக் கீழுள்ள வீரர்களிடையே இது குறித்து நிலவும் நம்பிக்கைகள் பல, மனு எழுதப்படும் முன்பே அதன் தோல்விக்கு வழிவகுத்துவிடுகின்றன.

அவற்றுள் மிகப் பரவலானது, தவறு அரசுடையதாயின் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்பது. நியாயம்போலத் தோன்றும் இந்த வாதம் சட்டத்தில் நிற்பதில்லை. 1972ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 10ஆம் தலைப்பில் 2774ஆம் பிரிவாக உள்ள விதி, தவறாக வழங்கப்பட்ட சம்பளத்தையும் படிகளையும் வசூலிக்காமல் கைவிட அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. இதனை வசூல் விலக்கு எனலாம். அந்த வசூல், நீதிக்கும் நல்மனச்சான்றுக்கும் முரணானதாகவும் நாட்டின் நலனுக்கு உகந்ததல்லாததாகவும் இருக்க வேண்டும் என்பது அவ்விதியின் நிபந்தனை. வீரரிடம் மோசடியோ, பொய்யுரையோ, பிழையோ, நல்லெண்ணக் குறைவோ இருந்ததற்கான அறிகுறி தென்பட்டாலும் விலக்குக் கிடையாது. இங்குப் பிழை என்பது ஏமாற்றுவதை மட்டும் குறிப்பதன்று. கூடுதல் பணம் வருவதை அறிந்திருந்தும், அல்லது அறிந்திருக்க வேண்டிய நிலையில் இருந்தும், வாய்திறக்காமல் இருந்ததையும் அச்சொல் உள்ளடக்கும்.

மணவிலக்குப் பெற்ற, குழந்தைகளற்ற வீரர் ஒருவருக்கு, குடும்பத்தோடு இருப்பவருக்குரிய உயர்ந்த வீதத்திலேயே வீட்டு வாடகைப் படி தொடர்ந்து வருவதாகக் கொண்டால் இந்த அளவுகோலின் கடுமை விளங்கும். ஒவ்வொரு மாதமும் அவருக்குக் கிடைக்கும் சம்பளச் சீட்டில், வரவு, பிடித்தம் ஆகிய பத்திகளுக்குக் கீழே, படியின் வகையையும் சார்ந்தோரின் நிலையையும் காட்டும் சிறு கட்டங்கள் உள்ளன. அவற்றில் பழைய விவரமே மாதக்கணக்கில் அச்சாகி வந்திருக்குமானால், அந்தச் சீட்டே அவருக்கு எதிரான சான்றாகிவிடும். ஐயம் எழுந்தால் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்பதும், உரிய விடை வரும்வரை கூடுதல் தொகையைச் செலவிடாமல் ஒதுக்கி வைப்பதும் வீரரின் கடமை என்பதே, இத்தகைய வழக்குகளில் மேல்முறையீட்டை விசாரிக்கும் பாதுகாப்புத் துறை விசாரணை மற்றும் மேல்முறையீட்டு அலுவலகத்தின் நிலைத்த கருத்து. இருபது வயதில் முதன்முதலாகச் சம்பளச் சீட்டைக் காணும் ஒருவரிடம் இவ்வளவு விழிப்பை எதிர்பார்ப்பது கடுமைதான் என்றாலும், பணி அனுபவமும் பதவி நிலையும் கூடக்கூட அந்த எதிர்பார்ப்பும் கூடவே செய்கிறது.

குடும்பத்தின் வறுமையை உருக்கமாக எடுத்துரைத்தால் எந்த மனுவும் ஏற்கப்படும் என்பது இரண்டாவது நம்பிக்கை. இது பாதி உண்மை என்பதாலேயே கூடுதலான தீங்கை விளைவிக்கிறது. மேற்கூறிய வசூல் விலக்கில் பொருளாதார நெருக்கடி பரிசீலனைக்குரிய காரணமே அன்று என்று பாதுகாப்புத் துறையின் விதிமுறை வெளிப்படையாகக் கூறுகிறது. அங்குக் கேட்கப்படுவது பணம் தவறாக வந்ததை வீரர் அறிந்திருந்தாரா, அறிந்திருக்க வேண்டியவரா என்பதே. நெருக்கடிக்கு இடமளிப்பது வேறொரு நடைமுறையாகும். அதே 10ஆம் தலைப்பில் தரைப்படைக்குரிய 7837ஆம் பிரிவின்படி, பணியில் இருந்தபோது ஏற்பட்ட கடனின் எந்தப் பகுதியையும், நாட்டின் நலனுக்கு உகந்ததெனத் தரைப்படைச் செயலர் கருதினால், ரத்து செய்யலாம். கடன் ரத்து என்று சுட்டத்தக்க இந்நடைமுறைக்கு அநீதி, நெருக்கடி ஆகிய இரண்டில் ஒன்றையோ இரண்டையுமோ அடிப்படையாகக் காட்டலாம் எனத் தரைப்படையின் 600-4 எண் ஒழுங்குவிதி வகுத்துள்ளது.

இவ்விரு வழிகளின் எல்லைகளும் வேறு. வசூல் விலக்கு, வழங்கப்பட்ட நாளிலேயே தவறானதாக இருந்த தொகைக்கு மட்டும் பொருந்தும். ஆறாண்டுப் பணிக்கு ஒப்பந்தம் செய்து, முறையாக ஊக்கத்தொகை பெற்று, மூன்றாம் ஆண்டில் பணி முறிந்தவர் பெற்ற பணம் பெற்ற நாளில் சரியானதே. எனவே அவர் விலக்கு மனுவோடு சென்றால், அவருடைய நேர்மையைப் பற்றிய ஆய்வுக்கே இடமின்றி அது தள்ளப்படும். கடன் ரத்துக்கு மனுச் செய்யும் வழி அவருக்கு உண்டு. படிவங்களும் வெவ்வேறானவை: விலக்குக்கு டிடி 2789, தரைப்படையில் ரத்துக்கு டிஏ 3508. வருமானம், மாதச் செலவு, சார்ந்தோர், பிற கடன்கள் ஆகியவற்றை ரத்து மனு விரிவாகக் கேட்கிறது. அங்குதான் வாடகை ரசீதுக்கும் மருத்துவச் செலவுச் சீட்டுக்கும் மதிப்பு உண்டு.

கடனே தவறானது என்று கருதுவோரும் ரத்து மனுவையே நாடுவது மற்றொரு பிழை. ரத்துக் கோருவது கடன் செல்லும் என்பதை ஏற்றுக்கொண்டு சலுகை கேட்பதாகும். கணக்கே பிழையெனில் முதலில் நிதி அலுவலகத்தில் அதனை மறுக்க வேண்டும். தளவாட இழப்பு விசாரணையில் பொறுப்புச் சுமத்தப்பட்டவர், அந்த முடிவின்மீது மறுபரிசீலனையும் மேல்முறையீடும் கோரிய பின்னரே ரத்தைப் பற்றி எண்ணுவது முறை.

கலிஃபோர்னியாவில் எல்லாருடைய கடனும் தள்ளுபடியாயிற்று, ஆகவே தமக்கும் ஆகும் என்ற நம்பிக்கைக்குச் சற்று விரிவான விடை தேவை. இராக், ஆப்கானிஸ்தான் போர்கள் உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் அம்மாநிலத் தேசியக் காவல்படை, ஆள் சேர்க்கும் அவசரத்தில், தகுதியற்ற பலருக்கும் ஊக்கத்தொகையை வாரி வழங்கியது. அதில் மோசடி நடந்ததும் தெரியவந்து, அத்திட்டத்தைக் கையாண்ட ஊழியர் ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். பின்னர் நடந்த தணிக்கையின் விளைவாக, ஏறத்தாழ 9,700 வீரர்களிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டனர். பலருக்கு அது 15,000 டாலரும் அதற்கு மேலுமாக இருந்தது. போர்முனைக்குச் சென்று திரும்பியவர்களிடம் நடந்த இந்த வசூலை 2016 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் வெளிப்படுத்திய சில நாள்களிலேயே, பாதுகாப்புச் செயலர் ஆஷ்டன் கார்ட்டர் வசூலை நிறுத்திவைக்க ஆணையிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் நிறைவேறிய சட்டம், தமக்குத் தகுதியில்லை என்பதை அறிந்திருந்தவர், அறிந்திருக்க வேண்டியவர் நீங்கலாக ஏனையோரின் கடனைக் கைவிட வழி செய்தது. ஆகவே அங்கும் விலக்கு அனைவருக்கும் பொதுவாக அளிக்கப்படவில்லை. அறிந்திருந்தாரா என்ற பழைய கேள்வி அப்படியே நீடித்தது, மெய்ப்பிக்கும் சுமைதான் அரசின் பக்கம் சாய்ந்தது. அந்த நிவாரணமும் தனி மனுக்களால் வந்ததன்று, நாடாளுமன்றத் தலையீட்டால் வந்தது. தனி மனுவுக்கு உரிய சட்டங்கள் ‘செய்யலாம்’ என்றே கூறுகின்றன. ‘செய்ய வேண்டும்’ என்று கூறவில்லை.

கடன் ரத்து அதிகாரி நிலைக்குக் கீழுள்ள வீரர்களுக்கு மட்டுமே உரியது என்பது ஒரு காலத்தில் சரியாக இருந்தது. 2006இல் தொடங்கிய திருத்தங்களுக்குப் பின் அதிகாரிகளும் இதில் அடங்குவர், கடன் 2001 அக்டோபர் 7 அன்றோ அதன் பின்னரோ ஏற்பட்டதாக இருந்தால் போதும். படைப்பிரிவின் கட்டளை அதிகாரி கையொப்பமிட்டால் காரியம் முடிந்தது என்பதும் சரியன்று. அவர் பரிந்துரை மட்டுமே செய்கிறார். முடிவு கென்டக்கி மாநிலம் ஃபோர்ட் நாக்ஸில் உள்ள மனிதவளத் தலைமையகத்தின் மட்டத்தில் எடுக்கப்படுகிறது. ஆனால் வீரரின் நடத்தையையும் குடும்ப நிலையையும் நேரில் அறிந்தவர் அவரே என்பதால், இரண்டு வரியில் முடிந்துவிடும் பரிந்துரையைவிட விவரங்களோடு எழுதப்பட்ட பரிந்துரைக்குக் கனம் அதிகம்.

பணியை விட்டு விலகினால் கடனும் விலகிவிடும் என்று எண்ணுவோர், இறுதிச் சம்பளத்திலிருந்தே பிடித்தம் தொடங்குவதையும், எஞ்சிய பாக்கி கருவூலத் துறைக்குச் சென்றால் வருமான வரியில் திரும்ப வர வேண்டிய தொகைகூட வழியிலேயே நிறுத்தப்படுவதையும் காண்கிறார்கள். திவால் அறிவிப்பும் எளிய புகலிடமன்று. ஊக்கத்தொகைக்கான ஒப்பந்தம் முடிவுக்கு வந்து ஐந்தாண்டுகளுக்குள் பிறப்பிக்கப்படும் திவால் விடுவிப்பு ஆணை, திருப்பித் தர வேண்டிய ஊக்கத்தொகைக் கடனை நீக்காது.

முதலில் கட்டிவிட்டுப் பிறகு மனுச் செய்யலாம் என்ற நல்லெண்ணமும் வழிக்கு வழி வேறுபட்ட விளைவைத் தருகிறது. வசூல் விலக்கில் இதனால் இழப்பில்லை: தவறு கண்டறியப்பட்ட நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குள் மனுச் செய்து விலக்குக் கிடைத்தால், கட்டிய தொகையை அடுத்த இரண்டாண்டுகளுக்குள் திரும்பக் கேட்டுப் பெறலாம். கடன் ரத்து வழக்கமாக இன்னும் செலுத்தப்படாமல் நிற்கும் பாக்கிக்கே பொருந்துவதால், அவ்வழியை நாடும் வீரர் கடன் அறிவிப்புக் கைக்கு வந்த உடனேயே மனுவைக் கொடுத்து, முடிவு வரும்வரை சம்பளப் பிடித்தத்தை நிறுத்திவைக்குமாறும் கட்டளை அதிகாரி வழியாக நிதி அலுவலகத்தைக் கேட்டாக வேண்டும்.