கல்லைப் புரட்டினால் ஓடையின் கதை தெரியும்



"அக்கா, மேலே தேங்காய் நார் ஆலை வந்ததிலிருந்து நம்ம ஓடைத் தண்ணி சரியில்லை. மாடுகூட வாய் வைக்க யோசிக்குது" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்வார். "அதெல்லாம் இல்லைக்கா, மழை குறைஞ்சு போச்சு, அதான். நம்ம குழுவுல நாலு பேர் அந்த ஆலைக்குத்தான் கூலிக்குப் போறோம். சும்மா பழி போட்டு மூடிட்டா தவணையை யார் கட்டுறது?" என்று இன்னொருவர் எழுந்திருப்பார். ஓடைக்கரை ஊர்களில் இப்படிப்பட்ட பேச்சு வருவது உண்டு. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணியும் வேண்டும், வேலையும் வேண்டும். யார் சத்தம் பெரிது என்று பார்த்து இதை முடிவு செய்ய முடியாது. ஓடையையே கேட்க வேண்டும். எப்படிக் கேட்பது என்பதுதான் இந்த மாதப் பாடம்.

பூச்சி ஏன் சாட்சி?

ஒரு பாட்டிலில் தண்ணி பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், அந்த நிமிஷம் ஓடிய தண்ணியின் நிலைதான் தெரியும். ராத்திரி பத்து மணிக்குக் கழிவைத் திறந்துவிட்டால் காலையில் அது பல மைல் தாண்டிப் போயிருக்கும். ஆனால் ஓடையின் அடியில், கல்லுக்குக் கீழேயும் மணலுக்குள்ளேயும் சிறு பூச்சிகளும் புழுக்களும் மாதக்கணக்கில் குடியிருக்கின்றன. அவை ஓடிப்போக முடியாது. ராத்திரி வந்த கழிவையும் அவை அனுபவித்தே ஆக வேண்டும். தாங்காதவை செத்துப்போகும், தாங்குபவை மட்டும் மிஞ்சும். ஆகவே யார் மிஞ்சியிருக்கிறார்கள் என்று பார்த்தால் கடந்த சில மாதம் ஓடை எப்படி இருந்தது என்று சொல்லிவிடலாம்.

இது நாட்டு வைத்தியம் மாதிரி குத்துமதிப்பான வேலை இல்லை. நம் நாட்டின் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே ஆறுகளை இந்த முறையில் பார்த்து, சுத்தமானது நீலம், மிக மோசமானது சிவப்பு என்று ஐந்து நிறமாகப் பிரிக்கிறது. மதுரைக் கல்லூரிப் பேராசிரியராக இருந்த கே.ஜி. சிவராமகிருஷ்ணன் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் வாழும் இப்படிப்பட்ட பூச்சிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்.

யார் யார் அங்கே குடியிருக்கிறார்கள்?

ஞாபகத்துக்கு வசதியாக நாமே பட்டப்பெயர் வைத்துக்கொள்வோம்.

1. ரெண்டு வாலி: புத்தகத்தில் கல் ஈ என்பார்கள். பின்னால் நீளமாக இரண்டு வால். ஒவ்வொரு காலின் நுனியிலும் இரண்டு நகம். குளிர்ந்த, காற்று நிறைந்த தண்ணியில்தான் இருக்கும். அழுக்கைச் சுத்தமாகத் தாங்காது.

2. மூணு வாலி: மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சு. பெரும்பாலும் மூன்று வால். சிலவற்றுக்கு இரண்டுதான் இருக்கும், ஏமாறக் கூடாது. வயிற்றின் இரண்டு பக்கமும் செவுள்கள் இருக்கும். காலுக்கு ஒரு நகம்தான். தட்டையாகக் கல்லோடு ஒட்டிக்கொள்ளும் வகை சுத்தத் தண்ணியைக் காட்டும். மீன் குஞ்சு போல் விசுக்கென நீந்தும் சிறு வகை ஓரளவு அழுக்கைத் தாங்கும்.

3. வீடு கட்டி: மணல் துகள், இலைத் துண்டு, குச்சி இவற்றை ஒட்டித் தனக்குக் கூடு செய்துகொள்ளும் புழு. சில வகை கல்லுக்கிடையில் வலை பின்னிக் காத்திருக்கும். பொதுவாக நல்ல அறிகுறி.

4. தட்டான் குஞ்சு, ஊசித்தட்டான் குஞ்சு: நடுத்தரம். ஊசித்தட்டான் குஞ்சுக்குப் பின்னால் இலை மாதிரி மூன்று தகடு இருக்கும். அதை மூணு வாலி என்று எழுதிவிடாதீர்கள்.

5. நண்டு, இறால், நத்தை, தண்ணி வண்டு: இவையும் நடுத்தரம். வண்டும் சில நத்தையும் மேலே வந்து காற்றை எடுத்துக்கொள்ளும். ஆகவே தண்ணியில் காற்று குறைந்தாலும் பிழைத்துக்கொள்ளும்.

6. சிவப்புப் புழு, சேற்றுப் புழு, அட்டை: அழுக்கைத் தாங்குபவை. சிவப்புப் புழுவின் நிறத்துக்குக் காரணம் ஹீமோகுளோபின். ரத்தசோகை முகாமில் நமக்குப் பார்ப்பார்களே, அதே சமாச்சாரம்தான். கொஞ்சமாக இருக்கும் காற்றையும் பிடித்து வைத்துக்கொள்ள அது உதவுகிறது.

ஒன்றை மறக்க வேண்டாம். சிவப்புப் புழு இருப்பதே தப்பு இல்லை. நல்ல ஓடையிலும் சேற்றில் அது இருக்கும். மற்ற எல்லோரும் காலி செய்துவிட்டுப் போய் அது மட்டும் மிஞ்சினால்தான் கவலை.

ஒரு சோறு பதம் இங்கே செல்லாது

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். ஓடை ஒரே பானை இல்லை. அடித்தளம் இடத்துக்கு இடம் மாறுகிறது. ஒவ்வொரு தளமும் தனித்தனிப் பானை.

கல்லும் சரளையும், தண்ணி சலசலவென்று ஓடும் இடம்: கல்லிடுக்கில் காற்று நிறைந்த தண்ணி புகுந்து புகுந்து போகும். ஒளிய இடம், ஒட்டப் பிடிமானம், தின்னப் பாசி எல்லாம் உண்டு. ரெண்டு வாலி, தட்டை மூணு வாலி, வீடு கட்டி எல்லாம் இங்கேதான் அதிகம்.

மணல்: உருண்டுகொண்டே இருக்கும், பிடிமானம் கிடையாது. தண்ணி பளிங்கு மாதிரி சுத்தமாக இருந்தாலும் கொஞ்சம் உயிர்கள்தான் இருக்கும்.

சேறும் வண்டலும்: மடுவிலும் தேங்கிய ஓரத்திலும் இருக்கும். உள்ளே காற்று குறைவு. புழு வகைகளும் புதைந்து வாழும் தட்டான் குஞ்சுகளும் இருக்கும்.

சருகுக் குவியல், மரவேர், நாணல் ஓரம்: சருகைத் தின்னும் வீடு கட்டி, நண்டு, இறால், ஊசித்தட்டான் குஞ்சு கிடைக்கும்.

இப்போது நடக்கக்கூடிய தப்பைப் பாருங்க. ஆலைக்கு மேலே கல் நிறைந்த இடத்தில் பார்க்கிறோம், பத்து வகை கிடைக்கிறது. ஆலைக்குக் கீழே மணலில் பார்க்கிறோம், நாலு வகைதான். "ஆலைதான் கெடுத்துவிட்டது" என்று மனு எழுதிவிடலாமா? கூடாது. வித்தியாசம் கழிவால் வந்ததா, மணலால் வந்ததா என்று யாருக்குத் தெரியும்? விவரம் தெரிந்த அதிகாரி இந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே மனு விழுந்துவிடும். நம் சொல்லுக்கும் மதிப்புப் போய்விடும்.

பார்க்கும் முறை

வேண்டிய சாமான்: நைலான் கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகத் தைத்து இரண்டு குச்சியில் கட்டிய வலை, மாவு சலிக்கும் சல்லடை, வாளி, வெள்ளைத் தட்டு நாலு, டீ வடிகட்டி, கரண்டி, லென்ஸ், நோட்டு, பென்சில்.

1. முதலில் கரையில் நடந்து ஓடையை வரைந்துகொள்ளுங்கள். எங்கே கல், எங்கே மணல், எங்கே சேறு, எங்கே சருகு என்று குறியுங்கள்.

2. கழிவு கலக்கும் இடத்துக்கு மேலே ஒரு பகுதி, கீழே ஒரு பகுதி தேர்ந்தெடுங்கள். கீழ்ப்பகுதி கழிவு வாய்க்கு நேரே வேண்டாம். கழிவும் ஓடைத் தண்ணியும் நன்றாகக் கலந்தபின் வரும் இடமாகப் பாருங்கள். நிழல், ஆழம், வேகம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

3. கல் தளத்தில் ஒருவர் வலையைத் தண்ணி வரும் திசையைப் பார்த்து ஊன்றிப் பிடிக்க வேண்டும். இன்னொருவர் வலைக்கு முன்னால் நின்று காலால் கல்லைக் கிளற வேண்டும். பெரிய கல்லைக் கையில் எடுத்து வலைக்குள் தேய்க்க வேண்டும். தண்ணியே பூச்சியை வலைக்குள் கொண்டுவந்து சேர்க்கும்.

4. மணலில் மேலாக இரண்டு விரல் ஆழம் கிளறினால் போதும். சேற்றைச் சல்லடையில் போட்டுக் கலங்கல் போகும்வரை அலசுங்கள். சருகை வாளியில் உதறிக் கழுவுங்கள்.

5. எல்லாத் தளத்திலும் ஒரே அளவு நேரம், ஒரே எண்ணிக்கை. ஒவ்வொரு தளத்திலும் குறைந்தது மூன்று இடம்.

6. கல்லில் கிடைத்தது ஒரு தட்டில், மணலில் கிடைத்தது வேறு தட்டில். கலக்கவே கூடாது. பார்த்து எழுதியதும் பூச்சிகளை ஓடையிலேயே விட்டுவிடுங்கள்.

ஓடை முழுவதன் நிலையைப் பார்க்க வேறொரு வழியும் உண்டு. அமெரிக்காவின் சுற்றுச்சூழல் அமைப்பு 1999-இல் வெளியிட்ட கையேட்டில், மொத்தம் 20 தடவை வலை போட்டு, அதைத் தளங்களின் அளவுக்கு ஏற்பப் பங்கிடச் சொல்கிறார்கள். ஓடையில் பாதி கல், கால் பங்கு மணல், கால் பங்கு வேர் என்றால் கல்லில் 10, மணலில் 5, வேரில் 5. ஆனால் மேல்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒப்பிட நமக்குத் தனித்தனித் தட்டு முறைதான் தெளிவு.

ஒரு கணக்கு பார்ப்போம்

தென்னாப்பிரிக்காவில் பள்ளிப் பிள்ளைகளும் ஊர் மக்களும் பயன்படுத்தும் மினிசாஸ் என்ற முறையில் பூச்சிகளை 13 கூட்டமாகப் பிரித்து மதிப்பெண் தருகிறார்கள். ரெண்டு வாலிக்கு 17, தட்டை போன்ற மற்ற மூணு வாலிக்கு 11, வீடு கட்டிக்கு 9, தட்டானுக்கு 6, நண்டு இறாலுக்கு 6, நீந்தும் மூணு வாலிக்கு 5, வண்டுக்கு 5, நத்தைக்கு 4, ஈ, கொசு வகைப் புழுவுக்கு 2 (சிவப்புப் புழு இதில்தான் சேரும்), சேற்றுப் புழுவுக்கு 2, அட்டைக்கு 2. ஒரு கூட்டத்தில் ஒன்று இருந்தாலும் நூறு இருந்தாலும் ஒரே மதிப்பெண். கூட்டி, கிடைத்த கூட்டங்களின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். அவர்களும் கல் ஓடைக்கு ஒரு அளவுகோல், மணல் ஓடைக்கு வேறு அளவுகோல் வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இந்த மதிப்பெண் அந்த நாட்டு ஓடைகளுக்காக வைத்தது. அதனால் நாம் மேல், கீழ் ஒப்பிட மட்டும் இதை எடுத்துக்கொள்வோம்.

உதாரணத்துக்கு ஒரு ஓடை:

மேலே கல்: 17 + 11 + 9 + 6 + 6 + 5 + 5 = 59. ஏழு கூட்டம். சராசரி 8.4.

மேலே மணல்: தட்டான் 6, இறால் 6, நீந்தும் மூணு வாலி 5, வண்டு 5, நத்தை 4, சிவப்புப் புழு 2 = 28. ஆறு கூட்டம். சராசரி 4.7.

கீழே மணல்: மேலே சொன்னவையும் சேற்றுப் புழுவும் = 30. ஏழு கூட்டம். சராசரி 4.3.

மேலே கல் 8.4, கீழே மணல் 4.3 என்று பார்த்தால் பாதிக்குப் பாதி குறைந்த மாதிரி தோன்றும். மணலோடு மணலை வைத்தால் 4.7, 4.3. பெரிய வித்தியாசம் இல்லை. இப்போது கீழேயும் ஒரு கல் இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். அங்கே 8 கிடைத்தால் ஆலைமேல் பழி போட இதில் ஆதாரம் இல்லை. அங்கே நீந்தும் மூணு வாலி, நத்தை, சிவப்புப் புழு, சேற்றுப் புழு, அட்டை மட்டும் கிடைத்தால் 15-ஐ ஐந்தால் வகுத்து 3. கல்லும் இருக்கிறது, ஓட்டமும் இருக்கிறது, குடியிருந்தவர்களைக் காணோம் என்றால் இரண்டு இடத்துக்கும் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. நார் ஊறிய பழுப்புத் தண்ணி ஓடைக் காற்றைத் தின்றுவிடும் என்பதால் ஆலைமேல் சந்தேகம் வரலாம். ஆனால் நடுவில் சாக்கடை, பண்ணை, குப்பைமேடு ஏதும் இருக்கிறதா என்றும் பார்த்தாக வேண்டும். பூச்சி 'காயம் பட்டிருக்கு' என்று சொல்லும். அடித்தவர் பெயரைச் சொல்லாது.

கவனிக்க வேண்டியவை

வெள்ளம் வந்து போன உடனே பார்க்காதீர்கள், பூச்சி அடித்துப் போயிருக்கும். காய்ந்து கிடந்து புதிதாக ஓடும் ஓடைக்கும் சில வாரம் அவகாசம் கொடுங்கள். மழைக்காலம் முடிந்து ஓட்டம் நிதானமான பிறகு, வருஷா வருஷம் அதே மாதத்தில் பாருங்கள்.

முழங்காலுக்கு மேல் தண்ணி இருந்தால் இறங்க வேண்டாம். தனியாகப் போக வேண்டாம். கையில் காலில் புண் இருப்பவர் கரையில் எழுதட்டும். முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள்.

முக்கியமாக, ரெண்டு வாலி இருக்கிறது என்பதால் அந்தத் தண்ணியைக் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பேதிக் கிருமியையும் ஃபுளோரைடையும் பூச்சி காட்டாது. குடிநீருக்குத் தனிப் பரிசோதனை வேண்டும். ஓடைத் தண்ணியைக் கொதிக்க வைக்காமல் குடிக்கக் கூடாது.

எழுதியதை எங்கே கொண்டுபோவது?

திருப்பூர் நொய்யலை மறக்க முடியாது. சாயக்கழிவால் ஆறும் பாசன நிலமும் பல ஆண்டு கெட்டபின், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. முதலில் விவசாயி நிலத்தை இழந்தார், பிறகு தொழிலாளி வேலையை இழந்தார். நோய் முற்றும்வரை விட்டால் இரண்டு பக்கமும் நஷ்டம். சீக்கிரம் கண்டுபிடித்தால் ஆலையை மூடாமலேயே கழிவுத் தொட்டி, சுத்திகரிப்பு என்று கேட்டு வாங்கலாம்.

உங்கள் நோட்டில் தேதி, இடம், தளம், கிடைத்த கூட்டங்கள், பார்த்தவர்களின் கையெழுத்து இருக்கட்டும். முதலில் ஆலைக்காரரிடமே காட்டிப் பேசுங்கள். பிறகு கிராம சபையில் வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினத்திலும் தமிழ்நாட்டில் கிராம சபை உண்டு. வேண்டுமானால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய மாவட்ட அலுவலகத்திலும் மனு கொடுத்து, ஆய்வுக்கூடப் பரிசோதனை கேட்கலாம்.

வரவு செலவு நோட்டு எழுதப் பழகிய நமக்கு ஓடை நோட்டு எழுதுவது கஷ்டமே இல்லை.

குழுக் கூட்டத்தில் பேச:

1. நம்ம ஓடையில் கல், மணல், சேறு, சருகு எங்கெங்கே இருக்கிறது?
2. மேலே கல்லையும் கீழே மணலையும் ஒப்பிட்டால் என்ன தப்பு?
3. அடுத்த கூட்டத்துக்குள் வலை தைக்க யார் பொறுப்பு, நோட்டு எழுத யார் பொறுப்பு?