மீன் கூடைக்கு முன்னால்: கன உலோகங்களுக்கு அஞ்சாமல் மீன் சாப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னை ஊரூர் ஒல்காட் குப்பத்தில் காலை ஏழரை மணி. ஃபைபர் படகுகள் மணலில் ஏறிவிட்டன. வலையிலிருந்து மீன் பிரிப்பவர்களின் விரல்களில் செதில் மின்னுகிறது. நான் வழக்கமாக வாங்கும் அக்கா, அரிவாள்மனையைக் காலால் அழுத்திப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார். "இன்னாம்மா, தங்கச்சிக்குக் கொயந்த பொறந்துச்சாமே? பால் சுறா வந்திருக்கு. புட்டு செஞ்சு குடு, பால் நல்லா ஊறும்."

அன்பில் வந்த வார்த்தை அது. பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப் புட்டு என்பது இந்தக் கடற்கரையின் பழைய வழக்கம். என் அம்மாவுக்கும் அப்படித்தான் ஆக்கிப் போட்டார்கள். ஆனாலும் கை நீட்டத் தயங்கினேன். அந்தத் தயக்கத்துக்கான காரணத்தை, மீன் சாப்பிடும் எல்லோருக்கும் புரியும்படி எழுதிவிட வேண்டும் என்றுதான் இந்த வழிகாட்டி. மீனை விட்டுவிடச் சொல்ல வரவில்லை. எந்த மீன், யாருக்கு, எவ்வளவு என்பதுதான் பேச்சு.

முதல் படி: எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

கடல் உணவில் கவனிக்க வேண்டியவை நான்கு: பாதரசம், காட்மியம், காரீயம், ஆர்சனிக்.

காரீயம் என்றதும் மயிலாப்பூர் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவுக்கு வரலாம். அந்தச் சொம்புக்கு உரியது வெள்ளீயம், அது வேறு உலோகம். காரீயம் பழைய பெயின்டிலும் பேட்டரியிலும் இருப்பது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று சொல்ல ஓர் அளவே இல்லை என்பதால், உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து அமைத்த நிபுணர் குழு, காரீயத்துக்கு முன்பு வைத்திருந்த வார வரம்பை 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது.

காட்மியம் சிறுநீரகத்தில் போய் உட்காரும். உட்கார்ந்தால் பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை எழுந்திருக்காது. ஆர்சனிக் என்ற பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். மீனிலும் இறாலிலும் இருப்பதில் பெரும்பங்கு ஆர்செனோபீட்டெயின் என்ற கரிம வடிவம். உடல் அதை அப்படியே வெளியேற்றிவிடும்.

மிச்சம் பாதரசம். மீன் என்று வந்தால் முதலில் பேச வேண்டியது இதைத்தான்.

இரண்டாம் படி: பாதரசம் மீனுக்குள் வந்த வழி

நிலக்கரி எரியும்போது பாதரசம் புகையோடு மேலே போகிறது. சிறு தங்கச் சுரங்கங்களிலிருந்தும் போகிறது. மழையோடு இறங்கி நீரில் கலக்கிறது. காற்றுப் புகாத சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றிவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் ஆபத்து. மிதவை உயிரி அதை வாங்குகிறது. அதைத் தின்னும் நெத்திலியில் கொஞ்சம் சேர்கிறது. ஆயிரம் நெத்திலியைத் தின்னும் பெரிய மீனில் ஆயிரத்தின் பங்கும் சேர்கிறது. அந்தப் பெரிய மீனையும் விழுங்கிப் பல ஆண்டுகள் வாழும் சுறாவில் எல்லாம் குவிகிறது. மீன் எவ்வளவு பெரிதோ, எவ்வளவு வயதானதோ, அவ்வளவு பாதரசம். இந்த ஒரு வரி மனதில் நின்றால் பாதி வேலை முடிந்தது.

ஜப்பானில் மினமாட்டா என்ற மீனவ ஊரில் இதை உலகம் கண்கூடாகப் பார்த்தது. சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை 1932 முதல் 1968 வரை பாதரசக் கழிவை விரிகுடாவில் விட்டது. முதலில் பூனைகள் தள்ளாடித் துடித்துச் செத்தன. பிறகு மனிதர்களுக்குக் கை கால் மரத்தது, பார்வை சுருங்கியது, பேச்சு குழறியது. 1956இல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. தாய்க்குப் பெரிதாக ஒன்றும் தெரியாமல், வயிற்றிலிருந்த பிள்ளை மட்டும் மூளை பாதித்துப் பிறந்ததுதான் அதில் நெஞ்சைப் பிளக்கும் பகுதி. நஞ்சுக்கொடி மெத்தில் பாதரசத்தைத் தடுப்பதில்லை.

நம் மாநிலத்திலும் கதை உண்டு. கொடைக்கானலில் இந்துஸ்தான் லீவரின் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. மலை ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசம் இருந்ததை ஹைதராபாத் விஞ்ஞானிகள் 2006இல் ஆய்விதழில் எழுதினார்கள். வடசென்னையில் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் கொசஸ்தலை ஆற்றுக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் ஆண்டுக் கணக்கில் கசிந்தது. அந்தச் சாம்பலில் ஆர்சனிக், காரீயம், பாதரசம் எல்லாம் உண்டு.

நம் குப்பத்தை ஒட்டி அடையாறு கடலில் சேருகிறது. 1977இல் இடிந்து நிற்கும் உடைந்த பாலத்தின் அடியில் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டாம். நகரத்தின் சாக்கடை, பட்டறைக் கழிவு, மறுகரையில் பட்டினப்பாக்கம் கடலில் கரையும் பிள்ளையார் சிலைகளின் வண்ணப்பூச்சு எல்லாம் வந்து சேரும் இடம் இது. இவற்றில் எதையும் மீனவர் கொட்டவில்லை. நகரம் கொட்டியது. மீனைச் சந்தேகிக்கும்போது மீன்காரரைச் சந்தேகிக்காதீர்கள்.

மூன்றாம் படி: உங்கள் வீட்டுக் கணக்கைப் போடுங்கள்

கணக்கு சின்னதுதான். நிபுணர் குழு வைத்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு வாரம் 1.6 மைக்ரோகிராம் மெத்தில் பாதரசம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு வாரத்துக்கு 96. 15 கிலோ குழந்தைக்கு 24.

இனி மீனுக்கு வருவோம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல ஆண்டுகள் அளந்த சராசரி: மத்தி வகையில் கிலோவுக்கு 0.013 மில்லிகிராம், நெத்திலி வகையில் 0.016, சுறாவில் 0.979. அவர்கள் கடலின் எண்கள்தான், ஆனால் சிறியதற்கும் பெரியதற்கும் உள்ள இடைவெளி எந்தக் கடலிலும் இதே போக்குதான்.

அந்தப் பெண் 150 கிராம் நெத்திலி சாப்பிட்டால் உடலில் சேர்வது இரண்டரை மைக்ரோகிராமுக்கும் குறைவு. தினமும் சாப்பிட்டாலும் வார வரம்பில் ஐந்தில் ஒரு பங்கைத் தொடாது. அதே 150 கிராம் சுறா என்றால் கிட்டத்தட்ட 147. ஒரே வேளையில் வரம்பு தாண்டியது. குழந்தைக்கு ஊட்டிய 50 கிராம் சுறாப் புட்டில் 49, அதாவது இரண்டு வாரத்துக்கான அளவு.

ஒரு வேளை தாண்டினால் உடனே நோய் வராது. வரம்பு என்பது வாழ்நாள் பழக்கத்துக்கு. சுறாவிலும் கைநீளப் பால் சுறாவில் பாதரசம் குறைவு, ஆளுயரச் சுறாவில் அதிகம். ஆனால் மெத்தில் பாதரசம் உடலில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய 50 முதல் 70 நாள் ஆகும். ஆகவே பிள்ளைக்குத் திட்டமிடும் பெண், உண்டான பிறகு யோசித்தால் தாமதம். ஆறு மாதம் முன்பே பெரிய மீன்களை நிறுத்திவிட வேண்டும்.

பயந்து மீனையே நிறுத்துவதும் தவறு. தினமும் கடல் மீன் உண்ணும் செஷல்ஸ் தீவுத் தாய்மார்களின் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தவர்கள், தெளிவான பாதிப்பைக் காணவில்லை. திமிங்கல இறைச்சி உண்ட ஃபாரோ தீவுகளில் பாதிப்பு தெரிந்தது. மீனின் ஒமேகா கொழுப்பு பிள்ளையின் மூளைக்கு வேண்டியதுதான்.

நான்காம் படி: கூடையில் எதை எடுப்பது

தயங்காமல் வாரம் இரண்டு மூன்று முறை: நெத்திலி, மத்தி, கவலை, காரப்பொடி, கானாங்கத்த, சங்கரா, இறால். விலையும் பெரும்பாலும் இவற்றில்தான் குறைவு. ஏழை வீட்டு மீன் என்று ஒதுக்கியவை எல்லாம் நல்ல மீன்களாக இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தரும் செய்தி.

வாரம் ஒரு முறை: வஞ்சிரம், சூரை, கொடுவா. வஞ்சிரத்தைப் பற்றி ஒரு விளக்கம். அமெரிக்காவில் கர்ப்பிணிகளுக்கு வேண்டாம் என்று சொல்லும் 'கிங் மேக்கரல்' நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு, அதே மீன் அன்று. ஆனால் வஞ்சிரமும் வேட்டையாடும் மீன், பெரிதாக வளரும். பெரிய துண்டைவிடச் சின்ன வஞ்சிரத்தின் துண்டு நல்லது. கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் குறைத்துக்கொள்ளட்டும்.

கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களும் தவிர்க்க வேண்டியவை: சுறா, திருக்கை, பெரிய சூரை, மயில் மீன். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே வேட்டை மீன்களுக்குப் பாதரச வரம்பை மற்ற மீன்களைவிட இரட்டிப்பாக, கிலோவுக்கு ஒரு மில்லிகிராமாக வைத்திருக்கிறது. அவற்றில் அதிகம் இருக்கும் என்பது சட்டத்துக்கும் தெரியும்.

எங்கே பிடித்தது என்றும் கேளுங்கள். கழிமுகத்தில் வீச்சு வலையில் வரும் மடவையைவிடக் கடலில் பிடித்த மடவையை எடுப்பேன். ஆளி, மட்டி விஷயத்தில் இன்னும் கவனம். அவை நாள் முழுக்கத் தண்ணீரை வடிகட்டி உண்பவை. தண்ணீரில் இருப்பதெல்லாம் அவற்றின் உடலில் சேரும். ஆற்று வாயில் எடுத்த மட்டி வேண்டாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் நிற்கும் தடைக்காலத்தில் கடைகளுக்கு எங்கிருந்தோ ஐஸில் வரும். அப்போதும் குப்பத்துச் சிறு படகுகள் கடலுக்குப் போகும், எங்கே வலை போட்டோம் என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள்.

ஐந்தாம் படி: ஆயும்போது

மஞ்சளும் கல் உப்பும் போட்டு அலசினால் நாற்றம் போகும், பாதரசம் போகாது. அது சதையின் புரதத்தோடு ஒட்டியிருக்கிறது. பொரித்தாலும் வேகவைத்தாலும் இருக்கும். ஆனால் காட்மியத்தை வெட்டி எறிய முடியும். நண்டின் ஓட்டுக்குள் இருக்கும் மஞ்சளான பகுதி அதன் ஈரல் போன்ற உறுப்பு, காட்மியம் அங்கேதான் சேரும். நண்டு ரசத்துக்கு முழுதாக இடித்துப் போட்டால் சாற்றில் இறங்கிவிடும். எனக்கும் அந்த மஞ்சள் பிடிக்கும், இப்போது எடுத்துவிட்டுத்தான் இடிக்கிறேன். கடம்பாவின் குடல் பை, இறால் தலை, மீனின் குடல், ஈரல் எல்லாவற்றையும் அதேபோல் நீக்கிவிடுங்கள்.

ஆறாம் படி: சந்தேகம் வந்தால்

பெரிய மீன் நிறைய உண்பவருக்கு விரல் நுனியும் உதடும் மரத்தல், நடையில் தள்ளாட்டம், பார்வை ஓரம் மங்குதல் என்று வந்தால் மருத்துவரிடம் மீன் பழக்கத்தைச் சொல்லுங்கள். செந்தூரம், பஸ்பம் போன்ற உலோகம் சேர்ந்த மருந்துகள் சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். மெத்தில் பாதரசம் ரத்தத்திலும் முடியிலும் தெரியும், சிறுநீரில் சரியாகத் தெரியாது. ஆர்சனிக் சோதனைக்கு முன் நான்கைந்து நாள் கடல் உணவை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் தீங்கில்லாத வகையே எண்ணை ஏற்றிக் காட்டிப் பயமுறுத்தும். 'உடலைச் சுத்தம் செய்யும்' மருந்துகளைத் தானாக வாங்காதீர்கள்.

கடைசிப் படி: பத்தியச் சமையல்

அன்று காலை அந்த அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "அக்கா, சுறா வேணாம். காரப்பொடி இருக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவர் கூடையின் அடியில் கைவிட்டு, வெள்ளிக் காசு போல மின்னும் சின்ன மீன்களை அள்ளினார்.

"அதுவும் பால் ஊறத்தாம்மா. எங்க வூட்டுல அதான் மொதல்ல போடுவோம். பூண்டு நெறைய உரிச்சுப் போடு, காரம் கொறச்சுக்கோ."

கால் கிலோ காரப்பொடி. குடல் நீக்கி, கல்லில் உரசிக் கழுவினேன். நல்லெண்ணெயில் இரண்டு கைப்பிடிப் பூண்டு, மிளகு, சீரகம், கொஞ்சம் புளி. தங்கை இரண்டாவது முறை சோறு கேட்டாள்.