மோட்டார் மெக்கானிக்கிற்கு வேண்டிய அறிவு

கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஓடும் பேருந்துகளையும் லோரிகளையும் கார்களையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். அவற்றைப் பழுதுபார்க்கும் மெக்கானிக்கின் தொழில் வெறும் கைவேலை என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று, கைத்திறனோடு நிறைந்த அறிவும் வேண்டிய தொழில் அது.

இயந்திரத் தொழில் நமக்குப் புதியதன்று. செந்தூல் இரயில்வேப் பட்டறையில் நம் முன்னோர் பலர் உழைத்தனர். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் இரயில்வே ஊழியர் குடியிருப்புகள் இருந்தன. 1985ஆம் ஆண்டில், ஷா ஆலாமில் தயாரான முதல் புரோட்டோன் சாகா கார் வெளிவந்தது. அதன் பின்னர்க் கிள்ளான் பள்ளத்தாக்கில் மோட்டார்த் தொழில் மேலும் வளர்ந்தது.

மெக்கானிக் அறிய வேண்டுவன யாவை?

முதலாவது, இயந்திரம் இயங்கும் முறை. பெட்ரோல் இயந்திரத்தின் உருளைக்குள் பிஸ்டன் நான்கு நகர்வுகளில் வேலை செய்கிறது. முதல் நகர்வில் காற்றும் எரிபொருளும் உள்ளே செல்கின்றன. இரண்டாவதில் அவை அழுத்தப்படுகின்றன. மூன்றாவதில் தீப்பொறியால் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகின்றன. நான்காவதில் புகை வெளியேறுகிறது. ஆகவே, இயந்திரம் கிளம்பாவிடில் காற்று, எரிபொருள், அழுத்தம், தீப்பொறி ஆகியவற்றை ஒவ்வொன்றாக ஆராய்தல் வேண்டும்.

இரண்டாவது, மின்சார அறிவும் அளந்தறியும் பழக்கமும். பேட்டரி வலுவிழந்து ஒரு கார் கிளம்பவில்லை என்று கொள்வோம். அறியாதவர் உடனே புதிய பேட்டரியைப் பொருத்துவார். சில நாளில் அதுவும் வலுவிழக்கக்கூடும். கற்றவர் முதலில் அளப்பார். நன்கு மின்னேற்றம் பெற்ற 12 வோல்ட் பேட்டரி, கார் ஓடாதபோது ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். இயந்திரம் ஓடும்போது பெரும்பாலான கார்களில் அது 14 வோல்ட் அளவுக்கு உயரும். உயராவிடில், மின்னேற்றும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் கம்பிகளையும் சோதிக்க வேண்டும். இச்சிறு அளவீடு, வண்டிக்குரிய தொழிலாளியின் பல நாள் கூலியைக் காக்கும்.

மூன்றாவது, இடைவிடாப் படிப்பு. இக்காலக் கார்களில் கணினி உண்டு. சோதனைக் கருவி காட்டும் குறியீடு, எங்கே தேட வேண்டும் என்பதையே சொல்லும். எதை மாற்ற வேண்டும் என்பதை மெக்கானிக்தான் ஆராய்ந்து முடிவு செய்தல் வேண்டும். மின்சாரக் கார்களில் உள்ள உயர் மின்னழுத்தம் உயிரைப் பறிக்கவல்லது. பயிற்சியின்றி அவற்றைத் தொடலாகாது.

மாணவச் செல்வங்களே! தசம எண்ணும் அறிவியலும் மலாய், ஆங்கில மொழிகளும் பட்டறையிலும் நமக்குத் துணைநிற்கும்.

பெற்றோர்களே! தொழிற்பயிற்சி நிலையங்களில் பயின்று மலேசியத் திறன் சான்றிதழான எஸ்.கே.எம். பெறலாம். பட்டறையிலேயே தொழில் கற்றவர்களும் தம் அனுபவத்திற்குரிய சான்றுகளைக் காட்டி அதற்கு விண்ணப்பிக்க வழி உண்டு. சான்றிதழ் இல்லாத திறமை, பல வேளைகளில் குறைந்த ஊதியத்திற்கே விலைபோகிறது. நம் பிள்ளைகள் தொழிலைக் கற்பதோடு சான்றிதழையும் பெறுமாறு நாம் வழிகாட்டுவோமாக.