கற்கும் யந்திரமும் வள்ளூர் வட்டார ஊர்களும்

கொசஸ்தலையாறு எண்ணூர்க் கழிமுகத்தை அடையுமுன் வள்ளூரில் ஓர் அணைக்கட்டைக் கடக்கின்றது. பாசனக் கால்வாய்களுக்கு நீரைத் திருப்பிவிட எழுந்த அணைக்கட்டு அது. அணையாயினும் ஏரி மதகாயினும், அதைக் காக்கும் நீர்க்கட்டிகளில் இரு வகையினர் உண்டு. கல்லில் இட்ட குறிவரை நீர் ஏறினால் பலகையைத் தூக்குபவர் ஒரு வகை. இருபது மழைக்காலங்களைக் கண்டு, நீரின் நிறத்தையும் மேகத்தின் போக்கையும் நோக்கி, குறியை நீர் தொடுமுன்னரே பலகையைத் தூக்குபவர் மற்றொரு வகை. முன்னவர் இட்ட கட்டளையை நிறைவேற்றுகின்றார். பின்னவர் அனுபவத்தால் கற்றதைக் கொண்டு முன்கூட்டி அறிகின்றார். பழைய தானியங்கி யந்திரத்துக்கும், இன்று செயற்கை நுண்ணறிவு என வழங்கும் கற்கும் யந்திரத்துக்கும் உள்ள வேற்றுமை ஏறக்குறைய இதுவே.

ஆலைக்குள் நடப்பது நமக்கு எதற்கு என்று பஞ்சாயத்து அன்பர்கள் வினவக்கூடும். ஆனால் இவ்வட்டாரத்தில் ஆலையும் ஊரும் ஒரே வேலிக்கு இருபுறமும் நிற்கின்றன. 1948-இல் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றியது. 1955-இல் அதுவே அசோக் லேலண்டு ஆயிற்று. அதே ஆண்டில் திருவொற்றியூரில் என்பீல்டு மோட்டார் சைக்கிள் தொழிற்சாலை எழுந்தது. 2001-இல் திறக்கப்பெற்ற எண்ணூர்த் துறைமுகம் 2014 முதல் காமராசர் துறைமுகம் என்னும் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வள்ளூர் அனல் மின் நிலையமோ, மத்திய அரசின் தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாட்டு மின் வாரியமும் கூட்டாக அமைத்ததாகும். அதன் 500 மெகாவாட் அலகுகள் மூன்றும் 2012-க்கும் 2015-க்கும் இடையே படிப்படியாக உற்பத்தியில் இறங்கின. முழு அளவில் ஓடும் இத்தகைய அலகு ஒன்று மணிக்குச் சுமார் 300 டன் நிலக்கரியை உண்ணும். இந்திய நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு, சில வேளைகளில் அதற்கும் மேல், சாம்பலாகவே எஞ்சும். எனவே உள்ளே எது நன்றாக ஓடுகின்றது, எது ஓடவில்லை என்பது வெளியே நிற்கும் நம் நிலத்துக்கும் நீருக்கும் உரிய செய்தியேயாகும்.

யந்திரம் எவ்வாறு கற்கின்றது?

கிணற்று மோட்டார் வைத்திருக்கும் எந்த விவசாயிக்கும் இது எளிதில் விளங்கும். பேரிங் தேயத் தொடங்கியதும் மோட்டாரின் ஒலி மாறுகின்றது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே, "நாளைக்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்" என்கின்றார் உடையவர். அவருக்கு அளவுகோல் ஏதும் இல்லை. நாள்தோறும் கேட்ட நல்ல ஒலி அவர் செவியில் பதிந்திருக்கின்றது. அதனின்று விலகிய ஒலியைக் கேட்டதும் ஐயம் எழுகின்றது.

ஆலைகளில் இச்செவியின் வேலையைச் சென்சார் என்னும் உணர்கருவி ஏற்கின்றது. பெரிய காற்றாடி, நீரேற்றி, கன்வேயர் பட்டையை உருட்டும் சக்கரம் ஆகியவற்றின்மீது பொருத்தப்படும் இக்கருவி, ஒரு விநாடிக்குள் ஆயிரக்கணக்கான முறை அதிர்வை அளந்து கணினிக்கு அனுப்புகின்றது. யந்திரம் நலமாக ஓடிய நாட்களின் அளவுகளைக் கணினி முதலில் பயில்கின்றது. பின்னர் அப்பழக்கத்தினின்று விலகிய அதிர்வு வரும்போது எச்சரிக்கின்றது. பட்டை அறுந்து நின்ற பிறகு ஓடிப் பழுது பார்ப்பதற்குப் பதிலாக, அடுத்த ஓய்வு நாளில் பேரிங்கை மாற்றிவிடலாம். கொதிகலனுக்குள் குழாய் வெடித்து நீராவி கசிதல் அனல் மின் நிலையங்களைத் திடீரென நிறுத்தும் முக்கியக் காரணங்களுள் ஒன்று. அதன் சீறல் ஒலியை முளையிலேயே பிடிப்பதும் இம்முறையால் இயலும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஆலைப் பொறியாளர்களே இதைச் சில வேளை மறந்துவிடுகின்றனர். தை முதல் ஆடி வரையிலான கணக்கை மட்டும் பயின்ற யந்திரத்துக்கு ஐப்பசி அடைமழை தெரியாது. மழையில் நனைந்த நிலக்கரி அரைவையில் ஒட்டிக்கொள்ளும்; அரைக்கும் யந்திரம் திணறும். அது பருவத்தின் இயல்பு. ஆயினும் கணினி அதனை நோயென்று கூவும். பொய்க் கூவல் மிகுந்தால் பணியாளர் அதனைப் பொருட்படுத்தமாட்டார். அப்போது மெய்யான எச்சரிக்கையும் செவியில் ஏறாது. கூவலைக் குறைக்க முடுக்கி வைத்தாலோ மெய்ப்பழுது நழுவிவிடும். இவ்விரண்டுக்கும் நடுவே எங்கே கோடு கிழிப்பது என்பதை யந்திரம் தீர்மானிப்பதில்லை, மனிதரே தீர்மானிக்கின்றனர்.

வார்ப்படசாலைகளில் வேறு வகையான பயிற்சி நடைபெறுகின்றது. உருக்கிய இரும்பை வார்த்த உறுப்பில் காற்றுக்குமிழி விழுந்த குழியோ வெடிப்போ உண்டா என்று முன்னர்த் தொழிலாளர் கண்ணால் பார்த்துக் கழித்தனர். இப்போது உலகின் பல ஆலைகளில் காமிரா பார்க்கின்றது. நல்லது இது, கெட்டது இது எனப் பெயரிட்ட ஆயிரக்கணக்கான படங்களைக் காட்டி அதனைப் பழக்குகின்றனர். அப்பெயர்களை இட்டவர் யார்? பல்லாண்டு அவ்வேலை பார்த்த தொழிலாளரே. அவர் கண் பிழைத்த இடத்தில் யந்திரமும் பிழைக்கும். மேலும், காமிரா மேற்பரப்பை மட்டுமே காணும். உள்ளே ஒளிந்த குழியைக் காண எக்ஸ்-ரே முதலிய வேறு சோதனைகள் வேண்டும்.

மின் நிலைய உலையில் நம் ஊர்களுக்கு நேரே தொடர்புள்ள பயன் ஒன்று உண்டு. உலைக்குள் காற்று மிகுந்தால் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகின்றது. குறைந்தால் கரி முற்றும் எரியாமல் சாம்பலில் தங்குகின்றது. கரி மிகுந்த சாம்பல் சிமெண்டுக்கு ஏற்றதன்று. சாம்பற் செங்கல்லின் தரத்தையும் கெடுக்கும். விலைபோகாத சாம்பல் குளத்தில்தான் சேரும். நிலக்கரியின் தன்மை கப்பலுக்குக் கப்பல் மாறுவதால், காற்றின் அளவை அடிக்கடி திருத்த வேண்டியுள்ளது. எத்தகைய கரிக்கு எவ்வளவு காற்று என்பதைக் கற்ற கணினி, கட்டுப்பாட்டறையில் உள்ளவருக்கு நல்ல துணையாகும்.

வேலை என்னவாகும்?

இதை மழுப்பிப் பேசுவதில் பயனில்லை. அளவுகளைப் படித்து ஏட்டில் எழுதும் வேலையும், ஒரே உறுப்பை நாள் முழுதும் உற்றுப் பார்க்கும் வேலையும் குறையும். நம் ஊர் இளைஞர் ஒப்பந்தத்தில் பெற்றுவந்த வேலைகளுள் இவையும் அடங்கும். அதே வேளையில், உப்புக்காற்றும் சாம்பலும் படியும் இக்கரையில் உணர்கருவியின் கம்பி அரிக்கும். காமிராவின் கண்ணாடி மங்கும். மங்கிய கண்ணாடியின் வழியே பார்க்கும் அறிவு என்ன அறிவு! அவற்றைத் துடைத்து, சரிபார்த்து, அளவு பிசகாமல் வைத்திருக்கும் கருவி மெக்கானிக்கும், எலெக்ட்ரீசியனும், பிட்டரும் தேவைப்படுவர். தமிழ்நாட்டில் 71 அரசு தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுத் தொழில்நுட்ப மையங்களாக உயர்த்தும் திட்டம் வகுக்கப்பெற்று, 2023-இல் முதற்பகுதி மையங்கள் திறக்கப்பட்டன. பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளையைக் கேட்டுக்கு வெளியே கூலி வேலைக்கு அனுப்புமுன், பெற்றோர் அருகிலுள்ள நிலையத்தில் எப்பயிற்சி உண்டென்று விசாரித்தல் நன்று.

யந்திரம் காணாதது

கற்கும் யந்திரம் எதைக் கற்கும்? உணர்கருவி எங்கே வைக்கப்பட்டதோ, அங்கே நடப்பதை மட்டும். பேரிங்மீது கருவி வைப்பது ஆலைக்கு இலாபம், ஆகவே வைக்கின்றனர். சாம்பற் குழாய் செல்லும் வழியிலும், வேலியின் ஊர்ப்பக்கத்திலும், கழிமுகத்து நீரிலும் கருவி உண்டா என்பதை நாம்தான் கேட்டறிய வேண்டும். மாசு மிகுந்த 17 வகைத் தொழில்கள் தம் புகையையும் கழிவுநீரையும் இடைவிடாது அளந்து வாரியத்துக்கு அனுப்பும் கருவிகளை நிறுவ வேண்டுமென்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2014-இல் பணித்தது. அனல் மின் நிலையமும் அவற்றுள் ஒன்று. அவ்வளவுகளை ஊரார் கேட்டுப் பெறுவதற்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் துணை நிற்கின்றது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவை எண்ணூர் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். உரத் தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பம் முதலிய ஊர்களில் மக்கள் கண்ணெரிச்சலோடும் மூச்சுத் திணறலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். இத்தகைய கசிவை விரைந்து அறியும் கருவிகள் இன்று உண்டு. ஆனால் கட்டுப்பாட்டறையில் விளக்கு எரிவது வேறு. உறங்கும் தெருவில் சங்கு ஒலிப்பது வேறு. அவ்விரண்டுக்கும் இடையே ஒரு கம்பியும், அதற்குப் பொறுப்பான ஓர் அலுவலரும் இருத்தல் வேண்டும். இரசாயன விபத்துகளுக்கென மாவட்ட அளவிலும் வட்டார அளவிலும் நெருக்கடிக் குழுக்கள் அமைய 1996-ஆம் ஆண்டின் மத்திய விதிகள் வழிசெய்கின்றன. எச்சரிக்கை ஊருக்கு எத்தனை நிமிடத்தில் வரும், யார் அழைப்பார், காற்று எப்பக்கம் வீசினால் எப்பக்கம் நடக்க வேண்டும் என்னும் மூன்று கேள்விகளைக் கிராம சபையில் எழுப்பித் தீர்மானமாகப் பதிவு செய்து அக்குழுவுக்கு அனுப்பலாம்.

மற்றொன்று நம் கையிலேயே உள்ளது. ஏட்டில் ஏறாத செய்தியை யந்திரமும் அறியாது, அதிகாரியும் அறியார். கத்தரி இலைமேல் சாம்பல் படிந்த நாள், கழிமுகத்தில் மீன் செத்து மிதந்த நாள், இரவில் நாற்றம் வந்த மணி, அப்போது கடற்காற்றா தரைக்காற்றா என்பவற்றைத் தேதியிட்டு எழுதிவர வேண்டும். ஓராண்டு எழுதிய ஏட்டை ஆலையின் அளவுகளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், கருவி உறங்கிய நாட்கள் எவை என்பது தெரிந்துவிடும். இதற்கு வேண்டுவன ஒரு நோட்டுப் புத்தகமும், காற்றின் திசை காட்டப் பள்ளிக்கூடத்துக் கூரைமேல் கட்டிய ஒரு துணிக்கொடியும், நாள் தவறாமல் எழுதும் ஒருவருமே.