பின் ஸ்பிரிங்கைத் தொடுமுன்

ராகலை கராஜுக்கு வேலை பழக வந்திருக்கும் தம்பிமாருக்குச் சொல்கிறேன். ஏப்ரல் சீசனில் நுவரெலியா மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்த்துவிட்டு, "என் எம்.ஜி. காரையும் பின்னால கொஞ்சம் இறக்கிக் குடுங்க" என்று யாராவது வந்து நிற்பார். உடனே தலையாட்டாதீர்கள்.

1. முதலில் சமதரை வேண்டும். நம் ஊரில் அது லேசில் கிடைக்காது. கராஜின் சிமெந்துத் தரையையும் நம்பாமல் தண்ணீர்க் குழாய் மட்டம் பிடித்துப் பாருங்கள். டயர் காற்று நாலிலும் சரியாக இருக்கட்டும். டிக்கியில் கிடக்கும் லீக்ஸ் கட்டையும் இறக்கிவிடுங்கள்.

2. உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள். சக்கரத்தின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளங்கள். டயர் தேய்மானம் கணக்கில் வராது. அளக்குமுன் காரை முன்னும் பின்னும் உருட்டி, பின்பக்கத்தை நாலு தரம் அமுக்கி விடுங்கள். இந்த மழையிலும் பனியிலும் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே துரு ஏறியிருக்கும். ஜக்கிலிருந்து இறக்கிய கார் அந்த உராய்வில் பிடித்துக்கொண்டு பொய் உயரம் காட்டும்.

3. பின்னால் ஒருபக்கம் சாய்ந்தால் நோயும் பின்னால்தான் என்று நினைக்காதீர்கள். முன் இடது ஸ்பிரிங் தளர்ந்தால் பின் வலது மூலை எழும்பும். முன் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜக்கு வைத்து முன் சக்கரங்களைத் தரையிலிருந்து எடுங்கள். பின்பக்கம் சமமாகிவிட்டால் குற்றம் முன்னால். பாதி வேலை இங்கேயே முடிந்துபோகும். பணம் குறையும் என்பதால் சில பேருக்கு இந்தச் சோதனை பிடிக்காது.

4. ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கார் ஜக்கில் தொங்கும்போது இறுக்கவே கூடாது. சக்கரம் தரையில் பாரம் ஏந்தி நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுகியபடி நின்று காரைத் தூக்கிப் பிடிக்கும். கொஞ்ச நாளில் அதுவே கிழியும்.

5. கட்டை வைத்து உயரம் மாற்றும்போது, பட்டை அச்சுக்கு மேலா கீழா என்று குனிந்து பாருங்கள். லொறியில் பட்டை பெரும்பாலும் அச்சுக்கு மேலே. நடுவில் ஒரு அங்குலக் கட்டை வைத்தால் வண்டி ஒரு அங்குலம் உயரும். எம்.ஜி.பி.யிலும் மொரிஸ் மைனரிலும் அச்சு பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கும். அதே கட்டை அங்கே காரை இறக்கும். லொறிப் பழக்கத்தில் எம்.ஜி.பி.யை உயர்த்தப் போனால் நேர்மாறாக முடியும். நீளமான ஷேக்கிள் போட்டால் இரண்டு அங்குல நீட்டலுக்கு ஏறத்தாழ ஒரு அங்குலம்தான் உயரும். அதோடு டிஃபரன்ஷலின் மூக்கு மேலே பார்க்கும், புரொபெல்லர் ஷாஃப்ட் அதிர ஆரம்பிக்கும். எனக்கு ஷேக்கிள் வித்தை பிடிக்காது.

6. தளர்ந்த பட்டைக்குத் துணையாகப் பஞ்சிகாவத்தை பார்ட்ஸ் கடையில் வாங்கிய லொறிப் பட்டையைச் சொருகாதீர்கள். பட்டையின் விறைப்பு தடிப்பின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும்; தடிப்பு இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. கார் உயரும், ஆனால் குழிக்குக் குழி துள்ளும். பழைய பட்டையை வளைக்கக் கொடுத்தால் குளிர்நிலையிலேயே அடிக்கச் சொல்லுங்கள். உலையில் சிவக்கக் காய்ச்சி அப்படியே ஆறவிட்டால் இரும்பின் பதம் போய்விடும். எதைச் செய்தாலும் இரண்டு பக்கமும் செய்ய வேண்டும்.

7. நடு போல்ட்டைக் கழற்றுமுன் பட்டை அடுக்கை வைஸில் இறுக்குங்கள். முகத்தை விலக்கி வையுங்கள்.

8. எவ்வளவு இறக்கலாம்? பின் அச்சுக்கும் அதற்கு மேலே இருக்கும் ரப்பர் முட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். இறக்கும் ஒவ்வொரு அங்குலமும் அந்த இடைவெளியில்தான் கழியும். பந்தயக்காரர் ஓடுவது தார் ரோட்டில். நம் ஆள் தோட்ட ரோட்டில் லயத்துக்குப் போக வேண்டும். உயர்த்துவதும் சும்மா வராது. 1962இல் வந்த எம்.ஜி.பி.யை 1974இல் அமெரிக்கச் சட்டத்துக்காக ஏறத்தாழ ஒரு அங்குலம் உயர்த்தினார்கள். வளைவில் கார் சாய்கிறது என்று அன்றைக்கே குறை சொன்னார்கள்.

9. முடிந்ததும் ஓட்டுபவரையும் பக்கத்தில் ஒருவரையும் உட்கார வைத்துக் கந்தப்பளை வரை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் மறுபடி அளந்து, யூ போல்ட் நட்டுகளை இன்னொரு தரம் இறுக்குங்கள். பிரேக் ஹோஸ் எங்காவது இழுபடுகிறதா என்று டோர்ச் அடித்துப் பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள்.