உப்புக்காற்றுக் கரையில் ஊமைப்படம் சேர்ப்போருக்கு

கற்பிட்டியிலிருந்து சிலாபம் வரை தேடினாலும், 1895க்கும் 1910க்கும் இடையில் வந்த குட்டி ஊமைப்படங்களில் பைத்தியம் உள்ளவர்கள் நாலைந்து பேர் தேறுவது கடினம். அந்தச் சிலருக்காக இது.

செய்ய வேண்டியவை

வேகத்தை முதலில் கவனியுங்கள். லூமியேர் சகோதரர்களின் படங்கள் வினாடிக்கு ஏறக்குறைய 16 பிரேம் வேகத்தில், கையால் சுற்றி எடுக்கப்பட்டவை. 24இல் ஓடவிட்டால் ஒரு நிமிடப் படம் 40 வினாடியில் முடியும். ஆட்கள் எறும்பு கடித்தவர்கள் போலத் துள்ளுவார்கள்.

எந்தப் பிரதி என்று எழுதி வையுங்கள். தொழிலாளர் ஆலையைவிட்டு வெளியேறும் லூமியேர் படத்துக்கு மூன்று வடிவங்கள் உண்டு: ஒன்றில் வண்டிக்கு ஒரு குதிரை, மற்றதில் இரண்டு, இன்னொன்றில் குதிரையே இல்லை. மெலியெஸின் நிலவுப் பயணத்துக்கும் (1902) கறுப்பு வெள்ளைப் பிரதி வேறு, 1993இல் பார்சிலோனாவில் கிடைத்து 2011இல் சீராக்கப்பட்ட, கையால் வண்ணம் தீட்டிய பிரதி வேறு.

தனியே பார்க்காமல் ஊருக்கும் போட்டுக் காட்டுங்கள். 1905இல் திருச்சியில் ரயில்வே ஊழியரான சாமிக்கண்ணு வின்சென்ட், ஒரு பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரோடு வாங்கி ஊர் ஊராகக் காட்டிய படங்களில் இயேசுவின் வாழ்க்கையும் ஒன்று. பதே கம்பெனி இந்தக் கதையைத் தனித்தனிக் காட்சிகளாக விற்றது. வாங்குபவர் வேண்டியதைப் பொறுக்கிக்கொள்ளலாம். ஆகவே 'முழுப் பிரதி எங்கே' என்று அலைய வேண்டாம். இந்தக் காட்சிகளில் கமெரா பெரும்பாலும் நகராது, ஆட்கள் வந்து கூடுவார்கள், கலைவார்கள். இயேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கு நாடகம் பார்த்துப் பழகிய தலவில, சிலாபம் சனத்துக்கு இது கொழும்பு ரசிகரைவிடச் சுலபமாகப் பிடிபடும் என்பது என் கணிப்பு. திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொல்லட்டும். தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் அப்படி ஆள் வைத்திருந்தார்கள். யாரோ பின்னாளில் ஒட்டிய பியானோ சத்தத்தைவிட அது எவ்வளவோ மேல்.

செய்யக்கூடாதவை

பழைய சாமான் கடையில் 35 மி.மீ. றீல் கிடைத்தால் ஓட்டிப் பார்க்காதீர்கள், வீட்டிலும் வைக்காதீர்கள். 1950களின் தொடக்கம் வரை வந்தவை பெரும்பாலும் நைத்திரேற்றுச் சுருள்கள். தீப்பிடித்தால் தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். தண்ணீருக்குள் அமுக்கினாலும் எரியும். ஒட்டத் தொடங்கினாலோ பழுப்புத் தூள் உதிர்ந்தாலோ கை வைக்காமல் தீயணைப்புப் பிரிவிடம் கேளுங்கள். 16 மி.மீ. சுருளிலும், நடுவில் துளையுள்ள 9.5 மி.மீ. பதே சுருளிலும் அந்த ஆபத்தில்லை. ஆனால் வினாகிரி மணம் வந்தால் மற்ற றீல்களிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

உப்புக்காற்றுக்குப் பயந்து பொலித்தீனில் இறுக்கிக் கட்டாதீர்கள். சுருள் விடும் வாயு உள்ளேயே அடைபட்டுச் சுருளை இன்னும் வேகமாக அரிக்கும். உண்மையில் இந்தக் கரையில் றீல் சேர்ப்பதே வீண் வேலை. நல்ல டிஜிட்டல் பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள்.

கணினி மெருகேற்றிய 4கே பிரதியை அசல் என்று சேர்க்காதீர்கள். அதில் பாதி கணினியின் ஊகம். லூமியேர் படத்தில் ரயில் வருவதைக் கண்டு சனம் ஓடிய கதையையும் சொல்லாதீர்கள். 1895 டிசம்பர் 28இல் பாரிஸில் நடந்த அவர்களின் முதல் கட்டணக் காட்சியில் அந்தப் படமே இருக்கவில்லை.

'ராஜகீய விக்கிரமய' என்ற பழைய இலங்கைப் படத்தின் றீல் இருக்கிறது என்று யாராவது வந்தால் முற்பணம் கொடுக்காதீர்கள். 1925இல் எடுத்த அந்தப் படம் இலங்கையில் திரையிடப்படும் முன்பே எரிந்துபோனது.