நாய்க்கு முதலில் எடுத்து வையுங்க

மண்ணுக்குத் தொழுவுரம் எவ்வளவு, பயிருக்கு மீன் அமிலம் எவ்வளவு, கறவை மாட்டுக்கு அடர்தீவனம் எவ்வளவு என்று நமக்கு எல்லாக் கணக்கும் தெரியும். தோட்டத்து நாய்க்கு என்ன போடுறீங்க என்று கேட்டால் மட்டும், ‘வீட்டுல மிஞ்சுறதுதான்’ என்று பதில் வரும். ராத்திரி காட்டுப்பன்றி வரப்பேறினால் முதல் குரல் கொடுப்பது அதுதான். கிடை போடுகிற இடத்தில் ஆட்டுக்குக் காவலும் அதுதான். கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை, பேர் தெரியாத தெருநாய், எதுவானாலும் சோற்றுக் கணக்கில் கடைசி ஆள்.

‘எங்க தாத்தா காலத்துல கூழ்தானே ஊத்துனாங்க, நல்லாத்தானே இருந்துச்சு’ என்பீங்க. அதில் பாதி சரி. தானியம் நாய்க்கு ஆகாது, கறி மட்டும்தான் போடணும் என்று இப்போது சிலர் சொல்வதை நம்ப வேண்டாம். மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு பெருகியிருப்பதை 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் எழுதினார்கள். மனிதனோடு சேர்ந்து சோறு தின்றே பழகிய பிராணி அது. ஆனால் தாத்தா காலத்து நாய்க்குக் கூழோடு மோரும் கிடைத்தது, வயலில் எலியும் பெருச்சாளியும் கிடைத்தது. இன்றைக்குச் சங்கிலியில் கட்டிக் கிடக்கிற நாய்க்கு எலி எங்கே கிடைக்கும்? தட்டில் விழுவது சாம்பார் சோறு, பிரியாணி மிச்சம், காரக்குழம்பு.

அந்தக் குழம்பில்தான் சிக்கல். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். சின்ன வெங்காயம், பெரிய வெங்காயம் இரண்டும் ஒன்றுதான், வேகவைத்தாலும் வதக்கினாலும் அந்த நஞ்சு போகாது. உடல் எடையில் 200இல் ஒரு பங்கு, அதாவது 20 கிலோ நாய்க்கு 100 கிராம் வெங்காயம் ஒரே வேளையில் போனாலே ஆபத்து. பூண்டுக்கு அந்த அளவுகூடத் தேவையில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தினமும் போனாலும் சேதம் சேர்ந்துகொண்டே வரும். உடனே ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்து நாய் சோர்ந்து படுக்கும், ஈறு வெளுக்கும், சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். உண்ணிக் காய்ச்சலிலும் இப்படியே வருவதால், மருத்துவரிடம் போகும்போது என்ன தின்றது என்பதையும் சொல்லிவிடுங்க. பாயசத்துத் திராட்சையும் (உலர்ந்தது, பச்சை இரண்டும்) சாக்லேட்டும் அறவே கூடாது. திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இதற்காகத் தனி அடுப்பு மூட்டச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் வீட்டுப் பெண்கள் என்னைத்தான் அடுப்பில் வைப்பார்கள். சோறு வடித்ததும், பருப்பு வெந்ததும், காய் வெந்ததும், வெங்காயமும் உப்பும் காரமும் சேரும் முன்னாலேயே நாயின் பங்கை ஒரு சட்டியில் எடுத்து வைத்துவிடுங்க. எல்லாரும் சாப்பிட்ட பிறகு வழித்துப் போடுவதை, தாளிப்பதற்கு முன்னால் எடுத்து வைப்பதாக மாற்றினால் போதும். பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதி புரதமும் சுண்ணாம்புச் சத்தும். வளர்ந்த, நடமாட்டம் உள்ள 20 கிலோ நாய்க்கு ஒரு நாள் கணக்கு இது: தானியம் 200 கிராம், வேகாத எடையில். குருணை, கம்பு, தினை, கேழ்வரகு எதுவும் ஆகும், ஆனால் குழைய வேகணும். அரைவேக்காட்டுச் சிறுதானியம் அப்படியே சாணியில் வந்துவிடும். அதோடு முட்டை இரண்டு, கோழிக்கறி 150 கிராம், பரங்கிக்காயோ கேரட்டோ முருங்கைக்கீரையோ ஒரு கைப்பிடி, கடலை எண்ணெய் ஒரு தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். இதை இரண்டு வேளையாகப் பிரித்துப் போடுங்க. 10 கிலோ நாய்க்கு இதில் சரிபாதி பத்தாது, பாதிக்குச் சற்றுக் கூடுதல் வேண்டும். சின்ன உடம்புக்கு எடைக்கு எடை தீனி அதிகம் பிடிக்கும்.

கறி வாங்க முடியாத நாளில் முட்டையை ஒன்று கூட்டி, வெந்த பருப்பு இரண்டு கரண்டி சேர்க்கலாம். முட்டையை வேகவைத்தே போடுங்க. பச்சை வெள்ளைக்கருவைத் தினமும் கொடுத்தால் பயோட்டின் என்ற உயிர்ச்சத்து உடம்பில் சேராது. மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் ஊரில் வாரம் இரண்டு நாள் அதைக் குக்கரில் வைத்து முள்ளோடு மசித்துப் போடலாம். கருவாடு வேண்டாம், அவ்வளவும் உப்பு. ஈரல் நல்லதுதான், வாரத்தில் இரண்டு நாள் 50 கிராம் போதும். தினமும் போட்டால் ஏ உயிர்ச்சத்து மிஞ்சிப்போகும்.

வீட்டுச் சமையலில் வளர்கிற நாய்களுக்கு அதிகம் குறைவது சுண்ணாம்புச் சத்து. சோற்றிலும் கறியிலும் அது இல்லை. கேழ்வரகில் இருக்கிறது, ஆனால் அதிலுள்ள ஃபைட்டேட் முழுவதையும் உடம்பில் சேரவிடாது. இதற்குக் கடைக்குப் போக வேண்டியதில்லை. முட்டை ஓட்டைக் கழுவிக் கொதிக்கவைத்து, வெயிலில் காயவைத்து, மிக்சியில் திருநீறு மாதிரி அரைத்து டப்பாவில் போட்டு வையுங்க. 20 கிலோ நாய்க்குத் தினமும் அரைத் தேக்கரண்டி. இல்லையென்றால் கோழிக்கடையில் காலும் கழுத்தும் வாங்கி, குக்கரில் ஒரு மணி நேரம் வைத்து, எலும்பு விரலால் நசுங்குகிற பதத்தில் மசித்துப் போடலாம். அன்றைக்கு ஓட்டுத்தூள் தேவையில்லை. குழம்பிலிருந்து பொறுக்கிய கோழி எலும்பைப் போடாதீங்க. அது ஊசியாகப் பிளந்து குடலைக் குத்தும்.

இனி சொல்லப்போவது நாயோடு நிற்காத விஷயம். கிடா வெட்டினால் ஈரல், நுரையீரல், தலை என்று கழித்ததைப் பச்சையாக நாய்க்கு எறிவது நம்ம வழக்கம். ஆட்டு ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் நீர்க்கொப்புளம் மாதிரி கட்டிகள் இருக்கும். அது நாடாப்புழுவின் குஞ்சுப் பருவம். நாய் அதைத் தின்றால் குடலில் புழு வளர்ந்து, முட்டை நாய்ப் பீயோடு வெளியே வரும். அது மேய்ச்சலில் கிடந்தால் ஆட்டுக்கு, கீரைப் பாத்தியில் கிடந்தால் நமக்கு. மனிதனின் ஈரலில் இந்தக் கட்டி வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும், பிறகு அறுவை சிகிச்சைதான். இன்னொரு வகைப் புழுவின் கட்டி ஆட்டு மூளையில் உட்காரும். அந்த ஆடு தலையைச் சாய்த்து ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்து விழும். அதன் தலையைப் பச்சையாக நாய்க்குப் போட்டால் சுற்று திரும்பத் தொடங்கும். நஞ்சில்லாக் கீரை என்று சொல்லி விற்கிற நாம் இதைக் கவனிக்காமல் இருக்கலாமா? கழிவுக் கறியைத் துண்டு துண்டாக வெட்டி, அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகே போடுங்க. கொப்புளம் தெரிகிற உறுப்பை நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்க. குடற்புழு மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்க. அதில் பிராசிகுவான்டல் இருக்கிறதா என்று கேட்டு வாங்கணும். உருண்டைப் புழுவுக்கான மருந்து மட்டும் கொடுத்தால் நாடாப்புழு போகாது.

பூஞ்சணம் பிடித்த மக்காச்சோளம், நிலக்கடலை, அதன் பிண்ணாக்கு எல்லாம் ‘நாய்க்குத்தானே’ என்று சட்டிக்குப் போகக்கூடாது. அஃப்ளாடாக்சின் வேகவைத்தாலும் அழியாது, நாயின் ஈரல் அதைத் தாங்காது.

பழைய சாப்பாட்டிலிருந்து இதற்கு ஒரே நாளில் மாற்றாதீங்க, வயிற்றால் போகும். ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க. பிறகு விலாவைத் தடவிப் பாருங்க. எலும்பு கைக்குத் தட்டுப்படணும், கண்ணுக்குத் துருத்தக்கூடாது. அதை வைத்துத் தானியத்தைக் கூட்டிக் குறைக்கலாம். பால் கொடுக்கும் தாய்க்கு இரண்டு மூன்று மடங்கு போகும். குட்டிக்கு இந்த அளவு பொருந்தாது. எலும்பு வளரும் பருவத்தில் சுண்ணாம்பு குறைந்தாலும் கூடினாலும் கால் வளையும், அதனால் கால்நடை மருத்துவரைக் கேட்டே செய்யுங்க.

நம்ம ஆட்களுக்கு மட்டும் தனியாக ஒன்று. தென்னங்கன்றுக் குழியில் ஆமணக்குப் பிண்ணாக்கு போடுகிறோம், அதோடு எலும்புத்தூளோ மீன் கழிவோ கலக்கிறோம். அந்த வாசனைக்கு நாய் குழியைத் தோண்டித் தின்றுவிடும். ஆமணக்கு விதையில் உள்ள ரிசின் சரியாகச் சூடுபடுத்தாத பிண்ணாக்கிலும் தங்கியிருக்கும், ரத்தமாக வாந்தி பேதியாகி நாய் சாகும். முறிமருந்து கிடையாது. குழி மூடுகிற அன்றைக்கு நாயைக் கட்டிப்போடுங்க, மேலே ஒரு அடி மண் தள்ளி மிதித்துவிடுங்க, மூட்டையைத் திறந்து வைக்காதீங்க. அன்றைக்குச் சட்டியை வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வைத்துவிடுங்க.